சுழலாத தட்டு

திங்கட்கிழமை

2011-இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்220 இனத்தைச் சேர்ந்த என் மடிக்கணினியின் விசையை அழுத்திவிட்டு, ஸ்நானம் முடித்து, விபூதி தரித்துக்கொண்டு வந்து அமர்ந்தாலும், திரையிலே அந்தச் சிறு வட்டம் இன்னும் பிரதட்சிணம் செய்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்கிறான் மகன். விரல்களுக்குப் பழகிவிட்ட இந்த விசைப்பலகையை விட எனக்கு மனமில்லை. தாமதத்திற்குக் காரணம் உள்ளேயிருக்கும் ஹார்ட் டிஸ்க். நிமிஷத்திற்கு 5,400 முறை சுழலும் அதன் தட்டு ஒருமுறை சுற்றிவர 11 மில்லி செகண்டு ஆகிறது. முள் நகர்ந்து, வேண்டிய இடம் தன்னடியில் வந்து சேரும்வரை காத்திருந்து, ஆயிரக்கணக்கான சில்லறைக் கோப்புகளை இவ்விதம் ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்த பிறகே விண்டோஸ் கண் விழிக்கிறது. சுழல்வதற்கு ஒன்றுமே இல்லாத எஸ்எஸ்டியோ, ஒரு கோப்பைத் தேடியெடுக்க மில்லி செகண்டில் பத்திலொரு பங்குதான் எடுத்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை

பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன்.

"என்விஎம்இ எடுத்துக்குங்க சார், 3,500 எம்பி ஸ்பீடு" என்றான் கடைப்பையன்.

"சொருக இடம் வேண்டாமா, தம்பி?" என்று முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

இந்தக் கணினி அறிந்தது சாட்டா ஒன்றே. விநாடிக்கு 6 கிகாபிட் என்ற அதன் எல்லைக்குள் எப்பேர்ப்பட்ட எஸ்எஸ்டியும் 550 எம்பி சுமாருக்குமேல் ஓட இயலாது. கனமும் 7 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. நல்ல வேளையாக இரண்டரை அங்குல எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் அந்த அளவினவே.

அடுத்து அவன் எடுத்து வைத்தது கியூஎல்சி ரகத்தில் ஒரு டிபி. ஓர் அறைக்குள் நான்கு பிட்டுகளைத் திணிப்பதால், பதினாறு மின்னழுத்தப் படிகளைப் பிரித்தறிய வேண்டிய சங்கடம் அதற்கு உண்டு. எட்டுப் படிகளோடு நிற்கும் டிஎல்சியே எழுத்து வேகத்திலும் ஆயுளிலும் மேலானது என்பது என் அபிப்பிராயம். ஆகவே பாதி கொள்ளளவே ஆயினும், சாம்சங் 870 ஈவோ 500 ஜிபியை எடுத்துக்கொண்டேன். ஐந்தாண்டு வாரண்டி, அதற்குள் 300 டிபி வரை எழுதலாமாம். வீடு திரும்பும் பஸ்ஸிலே கணக்கிட்டேன்: தினம் 20 ஜிபி எழுதினாலும் நாற்பத்தொரு வருஷம் வரும். எழுபது நடக்கிறவனுக்கு இது சற்று அதிகப்படியான ஏற்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை

டிஸ்க்கை மறுபடி உள்ளே வைத்து, யூஎஸ்பி கேபிளில் புதியதைக் கோத்து, காலையிலேயே நகலெடுக்க விட்டேன், முடியப் பிற்பகலாயிற்று. பாட்டரியை அகற்றி, ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, பழையதன் இரு விளிம்புகளிலும் இருந்த ரப்பர் பட்டைகளை உருவிப் புதியதற்கு மாட்டி உள்ளே தள்ளினேன். விசையை அழுத்தியதும் வழக்கம்போல உள்ளங்கை வைக்கும் இடத்தில் காதைப் பதித்தேன். அங்கே எப்போதும் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும், இப்போது நிசப்தம். எதையோ கெடுத்துவிட்டோம் என்று பதறித் தலையை நிமிர்த்தினால், பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது திரை.