ராசிக்கொரு நூல்

வானூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. பௌர்ணமிதோறும் திருவக்கரைக்குச் சென்று சந்திரமௌலீஸ்வரரையும் அமிர்தாம்பிகையையும் வக்கிரகாளியம்மனையும் தரிசித்து வருவது அவருடைய நெடுநாளைய வழக்கம். தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் நாலைந்து பாராயண நூல்களும், ஓரம் பழுப்பேறிய குறிப்பேடு ஒன்றும் இருக்கும். குறிப்பேட்டில் பன்னிரண்டு பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு ராசி. அந்த ராசியில் பிறந்தவரின் இயல்பு என்ன, அவர் பாராயணம் செய்யத்தக்க நூல் எது என்று அழகிய கையெழுத்தில் எழுதி வைத்திருப்பார். தரிசனம் முடிந்து மண்டபத்தில் அமர்ந்ததும், அறிந்தவர்கள் சூழ்ந்துகொண்டு தத்தம் ராசியைச் சொல்லி நூல் கேட்பார்கள்.

ராசிநாதனுக்குரிய தெய்வம், அத்தெய்வத்துக்குரிய துதி என்று பொருத்துவது பெரியோர் வகுத்த முறைதான். பெரியவர் அதனோடு மனித இயல்பையும் சேர்த்துப் பார்த்தார். அவருடைய பொருத்தங்களைக் கேட்பதே ஓர் இன்பம்.

மேஷத்துக்கும் விருச்சிகத்துக்கும் அதிபதி செவ்வாய், தெய்வம் முருகன், நூல் கந்தர் சஷ்டி கவசம். மேஷ ராசிக்காரர் முன்கோபிகள். கவசமோ தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகக் காக்க வேண்டுவது. அவ்வாறு நிதானமாக இறங்கி வருவதற்குள் கோபமும் இறங்கிவிடும் என்பார். விருச்சிக ராசிக்காரர் எதையும் வெளியே சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்பவர். அவருக்குத் துணையாக நிற்க வேல் வேண்டும்.

ரிஷபத்துக்கும் துலாத்துக்கும் சுக்கிரன். சுகத்தை விரும்பும் இவர்களுக்குக் கனகதாரா ஸ்தோத்திரம். ஆதிசங்கரர் அதைத் தமக்காகப் பாடவில்லை. இருந்த ஒற்றை நெல்லிக்கனியைப் பிச்சையாக இட்ட ஏழைப் பெண்ணுக்காகப் பாடினார். செல்வத்தைப் பிறருக்காகக் கேட்கப் பழகுவதே இவர்களுக்கு ஏற்ற பாடம்.

மிதுனத்துக்கும் கன்னிக்கும் புதன். ஓரிடத்தில் நில்லாத அறிவு இவர்களுடையது. ஆகையால் விஷ்ணு ஸஹஸ்ரநாமம். மனம் எங்கெங்கு ஓடினாலும் ஆயிரம் நாமங்களில் ஒன்று அங்கே எதிர்ப்படும்.

கடகத்துக்குச் சந்திரன். வளர்வதும் தேய்வதுமான மனம். அபிராமி பட்டருக்காகத் தை அமாவாசையிலும் நிலவு தோன்றிய திருக்கடையூர் வரலாற்றை யார் அறியார்? ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கமாக அமைந்த நூறு பாடல்கள் அபிராமி அந்தாதி. மனம் தேயும் இடத்தில் மீண்டும் பிடித்துக்கொள்ள அதில் ஒரு சொல் காத்திருக்கும். பெரியவரின் ராசியும் கடகமே. இந்நூலை நாற்பது ஆண்டுகளாகப் பாராயணம் செய்து வருபவர் அவர்.

சிம்மத்துக்குச் சூரியன், ஆதித்ய ஹ்ருதயம். போர்க்களத்தில் களைத்து நின்ற ஸ்ரீராமனுக்கே அகஸ்தியர் உபதேசம் செய்ய வேண்டியிருந்தது என்பதைத் தலைமையை விரும்பும் சிம்மம் நினைவில் கொள்ள வேண்டும். தனுசுக்கும் மீனத்துக்கும் குரு. கற்றுத் தேர்ந்து பிறருக்குச் சொல்பவர்கள் இவர்கள். கற்ற அமைச்சர் ஒருவர் குருவின் முன் உருகி நின்றதைத் திருவாசகத்தில் காணட்டும். மகரத்துக்கும் கும்பத்துக்கும் சனி; சுந்தர காண்டம். இலங்கை முழுவதும் தேடியும் சீதாபிராட்டியைக் காணாது சோர்ந்த அனுமன், மீண்டும் எழுந்து தேடினாரே, அந்தப் பொறுமைதான் சனி கற்பிக்கும் பாடம்.

இவ்வளவு நயமாகப் பிறருக்கு எடுத்துரைத்தவரின் வீட்டிலேயே ஒரு தவறு நேர்ந்திருந்தது. அது அவருக்கு மிகத் தாமதமாகவே தெரிய வந்தது.

அவருடைய மனைவியார் விருச்சிக ராசி. மணமான புதிதில், "மார்கழியில் திருப்பாவை படிக்கலாமென்று ஆசையாக இருக்கிறது" என்று சொன்னார். "அது உன் ராசிக்கு உரியதன்று, கவசம் படி" என்று கணவர் கூறிவிட்டார். அம்மையார் மறுமொழி சொல்லவில்லை. அன்று முதல் நாள் தவறாமல் கவசம் படித்தார். தம் சொல் பலித்ததென்றே பெரியவர் மகிழ்ந்திருந்தார்.

அம்மையார் ஓர் ஐப்பசி மாதத்தில் சிவபதம் அடைந்தார். தலைத்திவசம் முடிந்த பின் வந்த போகியன்று வீட்டைத் துப்புரவு செய்தபோது, சமையலறையில் அரிசிப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றிய சிறு புத்தகம் ஒன்று அகப்பட்டது. பிரித்துப் பார்த்தார். திருப்பாவை. தாள்களின் ஓரம் தேய்ந்திருந்தது. ஆங்காங்கே கோலமாவு படிந்த விரல் அடையாளங்கள். ஒவ்வொரு மார்கழியும், வாசலில் கோலமிட்டு முடித்து, கணவர் கண் விழிக்கும் முன் அடுக்களை விளக்கொளியில் அவர் ஒரு பாசுரம் படித்திருக்கிறார். நாற்பது மார்கழிகள்! அன்றும் மார்கழியின் கடைசி நாள். முப்பதாம் பாசுரம் படிக்க வேண்டிய நாள். படிக்க வேண்டியவர் இல்லை.

பெரியவர் அப்புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. குறிப்பேடு மட்டும் முன்போல் அடிக்கடி வெளியே வரவில்லை.

அடுத்து வந்த மாசிப் பௌர்ணமி. திருவக்கரையில் நல்ல கூட்டம். பிறை சூடிய பெருமானின் திருக்கோயில் மீது முழுநிலவு காய்ந்துகொண்டிருந்தது. மரக்காணத்திலிருந்து வந்த பெண்கள் சிலர் மண்டபத்தில் அமர்ந்திருந்தனர். மழைக்காலம் ஓய்ந்து உப்பளங்களில் மீண்டும் வேலை தொடங்கியிருந்த நேரம் அது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியவரிடம் வந்தார்.

"ஐயா, ராசி பார்த்துப் புத்தகம் சொல்வீங்களாமே. எனக்கும் ஒண்ணு சொல்லுங்க."

"என்ன ராசி அம்மா?"

"அது தெரியாதுங்க ஐயா. அளத்துல உப்பு வாருற காலத்துல பொறந்தேன்னு எங்க அம்மா சொல்வாங்க. நாளும் நட்சத்திரமும் அப்ப யாரு எழுதி வச்சாங்க? எனக்குப் படிக்கவும் தெரியாது. இது எட்டாவது படிக்குது. ராத்திரியில இது படிச்சா நான் கேட்டுக்குவேன்."

ஜாதகம் இல்லாதவருக்குப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நட்சத்திரம் குறிக்கும் வழக்கம் உண்டு. அதன்படி பெயரைக் கேட்கப் பெரியவர் வாயெடுத்தார். கை பைக்குள் குறிப்பேட்டைத் தேடியது; விரலில் பட்டதோ திருப்பாவை. அப்படியே நிறுத்திக்கொண்டார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரிடம் ராசியைக் கேட்டிருக்கிறார். எதற்காக நூல் தேடுகிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. தம் மனைவியிடமும் கேட்டதில்லை.

"எதற்காகக் கேட்க விரும்புகிறீர்கள், அம்மா?" என்றார்.

மூதாட்டி சற்றுத் தயங்கினார். "அவர் போய் ஆறு மாசமாவுதுங்க. பகல்ல வேலையில தெரியலே. ராத்திரியானா பயமா இருக்கு. அந்தப் பயம் போவணும்."

பெரியவர் பையிலிருந்து ஒரு சிறு நூலை எடுத்தார். திருஞானசம்பந்தர் அருளிய கோளறு பதிகம். அதன் வரலாற்றை அந்தப் பெண்ணுக்கும் விளங்கும்படி சொன்னார்.

சம்பந்தரும் அப்பரும் திருமறைக்காட்டில் தங்கியிருந்தபோது, பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் மதுரைக்கு எழுந்தருளுமாறு சம்பந்தருக்குச் செய்தி அனுப்பினர். சம்பந்தர் புறப்படத் துணிந்தார். பிள்ளையின் மீது கொண்ட அன்பினால் அப்பர் தடுத்தார். கோள்களின் நிலை நன்றாக இல்லை என்றார். அப்போது பிறந்ததே இப்பதிகம். ஒன்பது கோள்களையும் முதற்பாடலிலேயே வரிசையாகச் சொல்லி, சிவபெருமான் உள்ளத்தில் இருப்பதால் அடியார்க்கு அவை யாவும் நல்லவையே என்று உறுதி கூறுவது. கோள்களோடு நில்லாமல் கொடிய விலங்கு, நோய், கூற்றுவன் என்று மனிதன் அஞ்சுகின்ற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்து, அஞ்ச வேண்டா என்பது. இரண்டாம் திருமுறையில் உள்ளது; பாடல்கள் பதினொன்று.

"அந்தத் திருமறைக்காடுதான் இன்று வேதாரண்யம். உங்கள் ஊரைப் போலவே அதுவும் உப்பு விளையும் கடற்கரை. 1930-ஆம் ஆண்டு ராஜாஜி உப்பு சத்தியாக்கிரகம் நடத்தியது அங்கேதான்" என்றார் பெரியவர்.

மூதாட்டியின் முகம் மலர்ந்தது. "அங்கேயும் அளம் இருக்கா? அப்போ இது நம்ம ஊருப் பாட்டுதான்!"

"இதற்கு ராசி கிடையாது, அம்மா. பன்னிரண்டுக்கும் உரியது; ராசி தெரியாதவர்க்கும் உரியது. நாளுக்கு ஒரு பாடல் போதும்" என்று சொல்லி நூலைச் சிறுமியின் கையில் கொடுத்தார். சிறுமி அங்கேயே, அந்த மண்டபத்திலேயே, எழுத்துக் கூட்டாமல் முதற்பாடலைப் படித்தாள். மூதாட்டி கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவரும் கேட்டார்.

பங்குனிப் பௌர்ணமிக்கு அவர்கள் மீண்டும் வந்தார்கள். சிறுமிக்கு ஆறு பாடல்கள் மனப்பாடம். எழுத்தறியாத பாட்டிக்கு இரண்டு பாடல்கள். "பயம் போயிடுச்சா, அம்மா?" என்று பெரியவர் கேட்டார். "முழுசாப் போவலீங்க. ஆனா அது வர்றப்போ சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு" என்றார் மூதாட்டி.

அன்றிரவு வானூர் திரும்பிய பெரியவர் குறிப்பேட்டை விரித்தார். பன்னிரண்டு பக்கங்களில் எதையும் அவர் அடிக்கவில்லை. எந்த நூலில் தொடங்குவதென்று திகைப்பவருக்கு ராசி நல்லதொரு வாயில். சான்றோர் காட்டிய வாயில். அந்த வாயிலையே வேலியாக்கியதுதான் தாம் செய்த பிழை என்பது அவருக்குப் புரிந்தது. பதின்மூன்றாம் பக்கத்தில், "ராசி அறியாதவர்க்கும், அஞ்சுகின்ற யாவர்க்கும்: கோளறு பதிகம்" என்று எழுதினார். பிறகு பின்னால் திரும்பி, விருச்சிகத்தின் பக்கத்தில், கந்தர் சஷ்டி கவசத்துக்குக் கீழே, கை சற்று நடுங்க ஒரு சொல் சேர்த்தார்: திருப்பாவை.

இப்போதும் யாரேனும் ராசியைச் சொல்லி நூல் கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு சொல்கிறார். சொல்வதற்கு முன், "உங்கள் மனம் எதை விரும்புகிறது?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்கிறார். வரும் மார்கழியில், விடியலுக்கு முன் எழுந்து, கோலமாவுக் கறை படிந்த அந்தப் புத்தகத்தைத் தாமே படிப்பதென்றும் எண்ணியிருக்கிறார்.