80070643 என்ற எண்ணின் பொருள்

2024 ஜனவரி 10ஆம் நாள் காலை, சித்தூரில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் திருப்பதியிலிருந்த தம் மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, ஏதோ அப்டேட்டாம். வருது, பாதியில நின்னுபோவுது, மறுபடியும் வருது. காலையிலருந்து மூணு தடவ ஆச்சு."

"விட்டுடுங்கப்பா, தானா சரியாயிடும்."

சரியாகவில்லை. நாள்தோறும் அதே புதுப்பிப்பு வந்தது, பதிவிறங்கியது, நிறுவ முயன்றது, 80070643 என்ற எண்ணைக் காட்டித் தோற்றது. 'மீண்டும் முயல்க' என்ற பொத்தானும் ஒவ்வொரு முறையும் தோன்றியது. தந்தை ஒரு குறிப்பேட்டில் நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கத் தொடங்கினார்.

மகள் முனைவர் பட்ட ஆய்வாளர். சித்தூர் வட்டாரத் தமிழ்ப் பேச்சில் தெலுங்கின் ஊடாட்டமே அவருடைய ஆய்வுப்பொருள். 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த ஊர் சித்தூர். அங்கே வீட்டுக்குள் ஒரு மொழியும் வாசலில் ஒரு மொழியுமாக வாழ்வது எவருக்கும் வியப்பன்று. கிராமங்களில் அவர் பதிவுசெய்துவந்த உரையாடல்களைத் தந்தை மாலை நேரங்களில் கேட்டு, ஈலான் மென்பொருளில் வரிவரியாக எழுத்தாக்குவார். எது தமிழ், எது தெலுங்கு, எது இரண்டுமாக ஆகிவிட்டது என்பதைக் காதால் பிரிக்கத் தெரிந்தவர் அவர். (2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமானபோது, பதிவுக் குறிப்புகளில் சந்திரகிரிப் பக்கத்து ஊர்களின் மாவட்டப் பெயரை மாற்றுவதா என்று இருவருக்கும் இடையே பெரிய விவாதமே நடந்தது. பேசியவர் பேசிய நாளில் எந்த மாவட்டமோ அதுவே இருக்கட்டும் என்று தந்தை தீர்ப்பளித்தார்.)

அந்தப் பதிவுகள் அனைத்தும் சித்தூர் வீட்டின் பழைய மேசைக் கணினியில் இருந்தன. மடிக்கணினியில் இடமில்லை. வெளி வன்தட்டில் கடைசியாகப் படியெடுத்தது தீபாவளி விடுமுறையில். அதன்பின் பதிவான முதியவர்களுள் ஒருவர் மார்கழியில் இறந்துபோனார். ஆய்வாளர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

பழுது பார்க்கும் கடைக்காரர் உடனே ஒரு வழி சொன்னார்: "ஃபார்மட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போட்டுட்டா சரியாப்போயிடும் சார்." தந்தை ஏறத்தாழ ஒப்புக்கொண்டிருந்தார். இரவு பேசும்போது மகளிடம் அதைச் சொன்னார். மறுநாள் போகி. முதற்பேருந்தில் மகள் சித்தூர் வந்து சேர்ந்தார். பழையதைக் கழிக்கும் நாளில் கணினியையும் சேர்த்துக் கழித்துவிடலாம் என்று தந்தை வேடிக்கையாகச் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. வந்ததும் செய்த முதல் வேலை, பதிவுகள் முழுவதையும் வெளி வன்தட்டுக்குப் படியெடுத்தது. நடுவே சில கோப்புகளைத் திறந்து கேட்டுப் பார்த்தபின்தான் காப்பி குடித்தார்.

புதுப்பிப்பு திரும்பத் திரும்ப வருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், நிறுவல் வெற்றி என்றே கணினி சொல்லும். மறுநாள் அதே புதுப்பிப்பு மறுபடி வரிசையில் நிற்கும். அங்கே நிறுவியதைப் பற்றிய பதிவேடுதான் கெட்டிருக்கும். புதுப்பிப்புச் சேவையை நிறுத்தி, சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுச் சேவையை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் தீரும். மற்றொன்றில் நிறுவல் உண்மையிலேயே தோற்கிறது. சித்தூர்க் கணினியில் நடந்தது இரண்டாவது வகை. முதல் வகைக்கான மருந்துகளை எல்லாம் அதற்குக் கொடுத்துப் பார்த்ததில் போகியின் முற்பகல் கழிந்தது.

பிறகுதான் அந்த எண்ணைச் சொல்லாகக் கருதிப் பகுத்துப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. முதலில் நிற்கும் 8, தோல்வி என்பதற்கான குறி. அடுத்து வரும் 007, பிழை எந்த வகைப் பட்டியலைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகிறது. 7 என்பது விண்டோஸின் பொதுவான பிழைப் பட்டியல். எஞ்சிய 0643 பதினாறடிமான எண். வழக்கமான பத்தடிமானத்தில் 1603. அப்பட்டியலில் 1603இன் பொருள், நிறுவும்போது கடும்பிழை நேர்ந்தது என்பது மட்டுமே. உருபு உருபாகப் பிரித்தபின் கிடைத்த பொருள் இது: நிறுவ முடியவில்லை, ஏனெனில் நிறுவ முடியவில்லை.

காரணம் வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. கேபி5034441 என்ற அந்தப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10 கணினிகளுக்காக ஜனவரி 9ஆம் நாள் வெளியிட்டது. கணினி முடங்கினால் எழுந்திருக்க உதவும் மீட்புச் சூழலைத் திருத்துவது அதன் பணி. அச்சூழல் வன்தட்டில் தனக்கென ஒரு சிறு பிரிவில் இருக்கிறது. திருத்தத்துக்கு அப்பிரிவில் 250 எம்பி வெற்றிடம் வேண்டும். சித்தூர்க் கணினியில் அப்பிரிவின் மொத்த அளவே 529 எம்பி, பாதிக்குமேல் நிறைந்திருந்தது. இடம் போதாவிட்டால் 'இடம் போதாது' என்ற செய்தி வந்திருக்க வேண்டும். பிழைக்குறியைக் கையாளும் பகுதியில் இருந்த கோளாற்றால் அதற்குப் பதிலாக 80070643 தோன்றக்கூடும் என்று நிறுவனமே தன் குறிப்பில் ஒப்புக்கொண்டிருந்தது. உலகெங்கும் எத்தனையோ பேர் தவறாகப் பெயரிடப்பட்ட நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

அது ஏன் நாள்தோறும் திரும்பி வந்தது? ஒரு புதுப்பிப்பை அளிக்குமுன் விண்டோஸ் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: இது இந்தக் கணினிக்குப் பொருந்துமா? ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டதா? முதலாவதற்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்று விடை கிடைத்தால் போதும், புதுப்பிப்பு வந்து நிற்கும். நேற்று தோற்றது என்பது இன்றைய விடையை மாற்றுவதில்லை. இடம் இருக்கிறதா என்ற மூன்றாவது கேள்வி ஜனவரியில் கேட்கப்படவில்லை. மீட்புச் சூழலே அமைக்கப்படாத கணினிகளுக்கும் இப்புதுப்பிப்பு போய்த் தோற்றது. அவர்கள் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று குறிப்பு சொன்னது.

மற்றவர்களுக்கு அதே குறிப்பு ஒரு செய்முறையைத் தந்தது. ரீஏஜென்ட்சி கட்டளையால் மீட்புச் சூழலை முடக்கி, டிஸ்க்பார்ட் என்னும் கருவியால் முதன்மைப் பிரிவை 250 எம்பி சுருக்கி, பழைய மீட்புப் பிரிவை அழித்து, பெரியதாக ஒன்றைப் படைத்து, சூழலை மறுபடி இயக்க வேண்டும். கருப்புத் திரையில், எண்களைக் கொண்டு பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் வேலை. ஓர் எண் பிசகினால் அழிவது வேறு பிரிவு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியே அமர்ந்து இதைச் செய்வார் என்று எவரேனும் எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயம். போதாக்குறைக்கு, அச்செய்முறை மீட்புப் பிரிவு முதன்மைப் பிரிவுக்குப் பின்னால் இருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டது. சித்தூர்க் கணினியில் அது முன்னால் இருந்தது. விண்டோஸ் 10இன் முந்தைய பதிப்புகள் அதை அங்கேதான் வைத்தன. முதன்மைப் பிரிவைச் சுருக்கினால் இடம் பின்புறத்தில்தான் பிறக்கும். முன்னால் நிற்கும் சிறு பிரிவால் அதை எட்ட முடியாது.

ஆய்வாளர் டிஸ்க்பார்ட்டைத் திறந்தார். பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தார். பதிவுகள் இருந்த பிரிவும் அதில் ஓர் எண்தான். மூடிவிட்டார்.

அதற்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டார்: இந்தத் திருத்தம் எதைக் காக்கிறது? கணினியைக் கையில் எடுத்த ஒருவர் மீட்புச் சூழலின் வழியாக பிட்லாக்கர் மறையாக்கத்தைத் தாண்டிச் செல்லும் ஓட்டையை அது அடைக்கிறது. மடிக்கணினியில் மறையாக்கம் செய்து ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு அது மெய்யான ஆபத்து. சித்தூர்க் கணினியில் பிட்லாக்கர் இயக்கப்படவே இல்லை. இல்லாத பூட்டுக்கு ஐந்து நாளாகச் சாவி திருத்திக்கொண்டிருந்திருக்கிறது கணினி. குறிப்பிட்ட ஒரு புதுப்பிப்பை மட்டும் மறைத்துவைக்க மைக்ரோசாஃப்ட் முன்பே வெளியிட்டிருந்த சிறு கருவியால் அதை மறைத்தார். மற்ற புதுப்பிப்புகள் வழக்கம்போல் வரட்டும் என்று விட்டார். எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாறு கடைக்காரர் சொன்ன இரண்டாவது யோசனை முதலாவதைவிடத் தீங்கானது.

"அப்ப கம்ப்யூட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்லியா?" என்றார் தந்தை.

"அந்த அப்டேட்டுக்கு இடம் பத்தலப்பா. அத சொல்லத் தெரியாம வேற எதையோ சொல்லிட்டிருந்துச்சு."

ஏப்ரலில், விண்டோஸ் 10க்குத் தானியங்கித் தீர்வு வராது என்று நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் பழைய புதுப்பிப்புக்கு மாற்றாகப் புதியது வந்தது. மீட்புப் பிரிவில் 250 எம்பி இல்லாத கணினிகளுக்கு அது அளிக்கப்படுவதே இல்லை. மூன்றாவது கேள்வியைச் சேர்க்க ஏழு மாதங்கள் ஆகியிருக்கின்றன.

பொங்கலுக்குப் பின் திருப்பதிக்குக் கிளம்பும்போது வெளி வன்தட்டை ஆய்வாளர் தம்மோடு எடுத்துச் சென்றார். சித்தூரில் வைக்க இன்னொன்று வாங்கினார். தந்தையின் குறிப்பேட்டைப் பல மாதங்கள் கழித்துத்தான் புரட்டிப் பார்த்தார். ஐந்து நாட்களுக்கான நேரங்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் 80070643. கடைசி வரியில், எழுத்தாக்கத்தில் அருஞ்சொற்களுக்குக் குறிப்பெழுதும் அதே சிறிய கையெழுத்தில், எண்ணுக்குப் பக்கத்தில் தந்தை எழுதியிருந்தார்: 'இடம் பத்தல (சித்.வழக்கு).'