வெளிச்சம் எட்டும் வரைதான் உரிமையா?

யார்க்‌ஷயரில் இங்கிள்பரோ மலைச்சரிவில் கேப்பிங் கில் என்றொரு பாழி இருக்கிறது. ஃபெல் பெக் ஓடை அப்படியே அதற்குள் விழுகிறது. ஆழம் 98 மீட்டர். 1895-இல் பிரெஞ்சுக்காரர் மார்ட்டெல் நூலேணி கட்டி இறங்கி முதன்முதலாக அதன் தரையைத் தொட்டார். இன்று குகைப் பைத்தியங்களான நாங்கள் ஒற்றைக் கயிற்றில் இறங்குகிறோம். பகலில் இறங்கினால் அடியிலுள்ள பெரிய கூடத்தின் கூழாங்கற்கள் மீதும் மங்கலாக வெளிச்சம் கிடக்கும்.

அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் சண்டை. இங்கிலாந்து, வேல்ஸில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மலையிலும் மேட்டு நிலத்திலும் பதிவான பொது மேய்ச்சல் நிலத்திலும் கால்நடையாகப் போய் ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கில்’ ஈடுபட எவருக்கும் உரிமை தருகிறது. பாறை ஏறலாம். குகைக்குள் போகலாமா? பகல் வெளிச்சம் எட்டும் வரை போகலாம் என்று அரசுத் தரப்பு சொல்லிவந்தது. அந்தக் கணக்கில் 98 மீட்டர் கயிற்றில் தொங்குவது உரிமை. கூடத்திலிருந்து பக்கத்துப் பாதைக்குள் ஊர்ந்து போவது உரிமையில்லை. கயிறு கட்டிப் பழகியவன் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க மாட்டான்.

2014-இல் வழக்கறிஞர் டைனா ரோஸ், சட்டம் குகைக்கும் பொருந்தும் என்று கருத்து எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷன் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தது. பெரும்பான்மை உரிமை கேட்கும் பக்கம் நின்றது. மறுத்தவர்களில் நான் மதிக்கும் கைகாரர்கள் பலர். பல குகை வாய்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே, பண்ணைக்காரரின் வேலிக்குள் இருக்கின்றன. அங்கே அவருடைய நல்ல மனசு ஒன்றே அனுமதிச் சீட்டு. மேட்டில் உரிமைக் கொடி பிடித்தால் பள்ளத்தில் கதவு சாத்தப்படும் என்பது அவர்கள் பயம். அது வெறும் பயமல்ல.

இன்னொரு பயம் எனக்கும் உண்டு. சில குகைகளின் கூரையில் சுண்ணக் குழல்கள் தொங்கும். நீர்த்துளி அளவுதான் பருமன், சுமார் 5 மில்லிமீட்டர். உள்ளே வெற்றுத் துளை. துளி அதன் வழியே இறங்கி, நுனியில் நின்று, ஒரு மெல்லிய வளையத்தை விட்டுவிட்டு விழும். ஹெல்மெட் உரசினால் போயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் பையை முதுகிலிருந்து கழற்றித் தரையில் இழுத்துக்கொண்டு போவோம். எழுவதற்கு முன் தலையைத் திருப்பி மேலே விளக்கைக் காட்டிப் பார்ப்போம். சேற்றுக் கையுறையைச் சுவரில் வைக்க மாட்டோம். கறை மேல் சுண்ணம் படிந்துவிட்டால் கழுவினாலும் போகாது. குகையின் இத்தகைய கிளைக்கு இரும்புக் கதவும் சாவியும் வேண்டும் என்பேன். உரிமை வந்தாலும் அது சாத்தியம்தான்: இயற்கைப் பாதுகாப்புக்காகக் கட்டுப்பாடு விதிக்க அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

ஆனால் வடக்கத்தி மேட்டு நிலங்களில் வெகுகாலம் நடந்த பெர்மிட் முறை குழல்களையா காத்தது? அது பெரும்பாலும் க்ரௌஸ் பறவை வேட்டையை அனுசரித்துப் போட்ட கட்டுப்பாடு. கிளப்பின் பெயரும் தேதியும் கேட்பார்கள். முழங்கையை எங்கே ஊன்றுவாய் என்று கேட்டதில்லை. உடைக்க ஒன்றுமில்லாத, பாறையும் தண்ணீருமான குழிக்கும் அதே சீட்டுதான்.

அதனால் நான் உரிமைக் கட்சி. பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்பது வேறு விஷயம். சட்டம் நடந்து போகத்தான் உரிமை தருகிறது. காரை அவர் முற்றத்தில்தானே நிறுத்தியாக வேண்டும்!