புகை நுழையும் வழி

நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் முன்னோர் மொழி. மலையையே நெருப்பின் வடிவமாகப் போற்றும் மரபுடைய திருவண்ணாமலையில் வாழும் எமக்கு அம்மொழி மிகப் பழகியதே. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத புகையும் உண்டு. மூக்குக்கு எட்டாத நஞ்சும் உண்டு. பழைய வண்டிகளில் செல்வோர் அனைவரும் அறியவேண்டிய இச்செய்தியை எம் பட்டறிவு கொண்டே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

யாம் ஆசிரியர் நால்வர். திருவண்ணாமலையிலிருந்து போளூர்ச் சாலை வழியே கல்லூரிக்குச் சென்று வர, பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாசிடர் கார் ஒன்றைச் செலவைப் பகிர்ந்துகொண்டு வைத்திருக்கின்றோம். உறுதிக்குப் பெயர் பெற்ற வண்டிதான். எனினும் இரும்பும் இரப்பரும் முதுமைக்கு விலக்கல்லவே. சில திங்களாகப் பின்னிருக்கையில் அமர்வோருக்கு மாலைதோறும் தலைவலி. எம்முள் மூத்தவரான அரபுப் பேராசிரியர் வீடு சேர்ந்ததும் குமட்டலோடு படுத்துவிடுவார். பௌர்ணமி நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நாடி வரும் மக்கள் வெள்ளத்தால் ஊர் எல்லையிலேயே வண்டிகள் நெடுநேரம் ஊர்ந்து நிற்கும். அன்று அவர்தம் நிலை மேலும் தளரும். "வயதாகிவிட்டது" என்பார் அவர். ஆனால் விடுமுறை நாட்களில் அத்தலைவலி அவரை அண்டவேயில்லை. முதுமைக்கு ஏது விடுமுறை? இவ்வையமே எம்மைப் பட்டறைக்கு இட்டுச் சென்றது.

அங்கிருந்த மூத்த மெக்கானிக், வண்டியைப் பார்க்குமுன் ஒன்று கேட்டார்: "பின்சன்னலைத் திறந்துவைத்தா ஓட்டுறீங்க ஸார்?" ஆம் என்றோம். "அதை முதலில் மூடுங்க" என்றார். எமக்கு வியப்பு. காற்று வந்தால் புகை போகாதோ?

அவர் சொன்னதன் உட்பொருள் இது. ஓடும் வண்டி காற்றைக் கிழித்துச் செல்கையில் அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகின்றது. வால்குழாய் கக்கிய புகை அவ்விடத்தில் சுழன்று வண்டியைப் பின்தொடர்கின்றது. பின்சன்னல் திறந்திருந்தாலோ, டிக்கியின் இரப்பர் தேய்ந்திருந்தாலோ அப்புகை உள்ளே இழுக்கப்படும். நிற்கும் வண்டியிலோ, அடியில் கசியும் புகை கலையாமல் தேங்கித் தளத்தின் துளைகள் வழியே மேலேறும்.

அப்புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அதனைப் பிணைத்துக்கொள்ளும். ஆதலின் மூச்சு நடக்கும்போதே உடல் ஆக்சிஜனுக்கு ஏங்கும். தலைவலி, மயக்கம், குமட்டல், உறக்கம் என்பன அதன் படிகள். உறக்கத்திற்கு அப்பால் விழிப்பு இல்லாமலும் போகலாம். எனவே வண்டியில் அத்தரின் மணம் கமழச் செய்து புகைநாற்றத்தை மறைப்பது பரிகாரமாகாது. எச்சரிக்கும் காவலனை உறங்கவைப்பதே ஆகும்.

மெக்கானிக் செய்த சோதனைகள் எளியவை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதனை இயக்கி, வால்குழாயின் வாயை ஈரத்துணியால் ஒரு கணம் அழுத்தினார். மேனிஃபோல்டின் இணைப்பிலிருந்து 'உஸ்' என்னும் ஒலி எழுந்தது. அவ்விடத்தில் கரிக்கோடும் படிந்திருந்தது. இரவானதும் எரியும் டார்ச் விளக்கை டிக்கியினுள் வைத்து மூடினார். விளிம்பில் இரண்டிடங்களில் ஒளி கசிந்தது. "வெளிச்சம் வர்ற வழியிலதான் ஸார் புகையும் வரும்" என்றார். நூல் பல கற்ற எமக்கு அன்று அவரே ஆசான்.

மேனிஃபோல்டின் கேஸ்கட் மாற்றப்பட்டது. துருவேறிய சைலன்சரும், முறிந்து குறுகிய வால்குழாயும் புதுப்பிக்கப்பட்டன; குழாயின் முனை வண்டியின் உடலுக்கு வெளியே நீண்டிருக்கவேண்டும் என்பது விதி. டிக்கிக்குப் புதிய இரப்பர் இட்டார். தளத்தின் ஓட்டைகளைத் தகடு வைத்துப் பற்றவைத்தார். எஞ்சினிலிருந்து கம்பிகள் உள்ளே வரும் துளைகளுக்கு இரப்பர் வளையங்கள் பொருத்தினார். அதன்பின் பேராசிரியர் மாலையில் நூலும் கையுமாக அமர்ந்திருக்கக் காண்கின்றோம்.

இது சிறு செய்தியன்று. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்து கிடந்தனர். அவ்வண்டியின் ஜெனரேட்டர் புகை தளத்துத் துளை வழியே உட்புகுந்ததே காரணம் எனக் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் கண்டறிந்தனர். ஒரு துளை; இரண்டு உயிர்கள்.

வண்டிக்குப் புகைச்சான்று பெற்றுள்ளோமே எனச் சிலர் அமைதி கொள்வர். அச்சான்று வால்குழாயின் வாயில் வெளிப்படுவதை அளப்பது. உள்ளே அமர்ந்தவர் மூச்சிழுப்பதை அளப்பதன்று. பயணத்தின்போது பலருக்கு ஒருசேரத் தலைவலியோ மயக்கமோ தோன்றின், உடனே எஞ்சினை நிறுத்தி, அனைவரையும் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் நன்மையாகக் கொண்டது நம் மார்க்கம். நம்மை நம்பி நம் வண்டியில் ஏறுவோரின் உயிரோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பழைய வண்டியின் டிக்கியில் இன்றிரவே ஒரு விளக்கை ஏற்றி வைத்துப் பாருங்கள். ஒளி கசியும் இடம் கண்டால், நாளையே அதனை அடையுங்கள்.