திண்ணையும் டையும்

பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி, குன்றத்தூர் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்தால் பம்மல். நாடகத் தந்தை சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் ஐக்கியமாகிவிட்டது.

காலை எட்டு மணிக்கு ஸ்கூல் வேன்களுக்கு நடுவே ஆட்டோ நுழைந்தால் நீங்கள் பாக்கியசாலி. முதுகில் மூட்டை, கழுத்தில் டை... எல்.கே.ஜி. சிங்கங்கள்!

"எங்க தாத்தாவுக்கு ஏது சார் பை? திண்ணையில மணலைப் பரப்பி விரலால எழுதுவார். முந்திரிக் கணக்கு தலைகீழா சொல்வார்" என்றார் பக்கத்து சீட் பெரியவர். (முந்திரி, பாயசத்தில் மிதப்பதல்ல ஸ்வாமி, 320-ல் ஒரு பங்கு. நமக்கோ கால்குலேட்டர் இல்லாமல் டி.ஏ. அரியர்ஸே வராது!)

"உங்க பாட்டி எதுவரை படிச்சாங்க?"

"கைநாட்டு சார்."

அந்த மணலெழுத்துக்கு சீமை வரை மவுசு. எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அதைப் பார்த்து காப்பியடித்தார். மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் தன் முறையையும் சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டார். அதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயர்.

ரொம்பவும் உருக வேண்டாம். கவர்னர் மன்றோ 1826-ல் எழுதிய குறிப்பின்படி, சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். ஆஹா! அதில் பெண்கள்? வெறும் 4,540. சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமே கிடையாது. பாதி ஊரை வாசலில் நிறுத்திவிட்டு, கணக்கு மட்டும் சுத்தமாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஒன்றுக்குத்தான் பெருமூச்சு வருகிறது. அன்றைய ஃபீஸ், தலைக்கு 4 முதல் 8 அணா. வாத்தியார் சம்பாத்தியம் மாதம் 6, 7 ரூபாயைத் தாண்டாதாம். பம்மலில் எல்.கே.ஜி. ஃபீஸ் விசாரித்துவிட்டு வந்த என் நண்பன், பி.எஃப். லோன் ஃபாரம் தேடிக்கொண்டிருக்கிறான்.