ஜனவரி வாக்கும் ஜூன் வாக்கும்

அமெரிக்க அதிபர் தேர்தல் நவம்பரில் நடக்கிறது. அதில் இரு பெரிய கட்சிகளின் சார்பில் நிற்கப்போகிறவர் யார் என்பதோ பெரும்பாலும் அந்த ஆண்டின் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த வாரங்களில் வாக்களிப்பவை அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, தென் கரோலினா ஆகிய நான்கு மாநிலங்கள். 2020 கணக்கெடுப்பின்படி நான்கிலும் சேர்த்து வாழ்பவர்கள் நாட்டு மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் குறைவு. தமிழர்கள் அதிகம் குடியேறியிருக்கும் கலிபோர்னியா, டெக்சாஸ், நியூ ஜெர்சி எதுவும் இந்த நான்கில் இல்லை. ஹெச்-1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அது கிடைத்த பிறகும் பொதுவாக ஐந்தாண்டுகள் கழித்துக் குடியுரிமை பெறும் ஒருவர் நியூ ஜெர்சியில் வாக்காளராகப் பதிந்தால், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அவருடைய முறை ஜூன் மாதம் வருகிறது.

ஜூன் மாதத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே இரண்டு சான்றுகள் உண்டு. 2016-இல் நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் ஜூன் 7 அன்று வாக்களிக்க இருந்தன. ஹிலரி கிளிண்டன் தேவையான ஆதரவைப் பெற்றுவிட்டார் என்று அசோசியேட்டட் பிரஸ் ஜூன் 6 அன்றே அறிவித்துவிட்டது. 2024-இல் டொனால்ட் டிரம்ப், ஜோ பைடன் இருவரும் மார்ச் 12-ஆம் தேதியே வேட்பாளராவதற்குத் தேவையான பெரும்பான்மையைத் தாண்டினார்கள். நியூ ஜெர்சி வாக்களித்தது ஜூன் 4 அன்று.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு இந்த ஏற்பாடே புதிது. ஊரில் தேர்தலில் நிற்க விரும்புகிறவர் கட்சி அலுவலகத்தில் பணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார், தலைமை நேர்காணல் நடத்தும், பட்டியல் வெளிவரும். அந்தப் பட்டியலில் வாக்காளருக்கு எந்தப் பங்கும் கிடையாது. அமெரிக்காவில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதே வாக்காளர்தான். ஒவ்வொரு மாநிலமும் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்புகிறது. எந்த வேட்பாளருக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதை அந்த மாநில மக்களின் வாக்கு முடிவுசெய்கிறது. பாதிக்கு மேல் பிரதிநிதிகளைச் சேர்ப்பவரே கட்சியின் வேட்பாளர். வாக்குச்சாவடியில் சீட்டுப் போட்டு நடத்துவது பிரைமரி. கட்சிக்காரர்கள் குறித்த நேரத்தில் ஓரிடத்தில் கூடிப் பேசி முடிவெடுப்பது காகஸ்.

எண்ணிக்கையைப் பார்த்தால் முதல் மாநிலங்கள் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. 2024-இல் குடியரசுக் கட்சியின் 2,429 பிரதிநிதிகளில் அயோவாவுக்கு 40, நியூ ஹாம்ப்ஷயருக்கு 22. நான்காண்டு முன்பு ஜனநாயகக் கட்சியில் கலிபோர்னியாவுக்கு 415 பேர் இருந்தபோது அயோவாவுக்கு இருந்தவர்கள் 41 பேர். அப்படியிருந்தும், 1976 முதல் 2020 வரை பதவியில் இல்லாத நிலையில் போட்டியிட்டு வேட்பாளரானவர்களில் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் இரண்டில் ஒன்றையாவது வென்றவர்கள். அந்த இருவர் 1992-இல் பில் கிளிண்டன், 2020-இல் ஜோ பைடன்.

இந்த இடம் தொடக்கத்தில் அவற்றுக்கு எந்தத் திட்டப்படியும் ஒதுக்கப்பட்டதல்ல. நியூ ஹாம்ப்ஷயர் 1916 முதல் பிரைமரி நடத்துகிறது. 1920 முதல் அதுவே நாட்டின் முதல் பிரைமரி. ஆனால் முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகளுக்குத்தான் வாக்களித்தார்கள். 1952-இல் அதிபர் வேட்பாளர்களின் பெயர்களே வாக்குச்சீட்டில் வந்ததும் அதன் பலம் வெளிப்பட்டது. ஐரோப்பாவில் நேட்டோ படைத் தளபதியாக இருந்த ஐசனோவர் ஊருக்கே வராமல் செனட்டர் டாஃப்டை வென்றார். ஜனநாயகக் கட்சியில் பதவியிலிருந்த அதிபர் ட்ரூமன் செனட்டர் கெஃபாவரிடம் தோற்று, அந்த மாதத்திலேயே மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். 1968-இல் வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி இங்கே வெல்லவில்லை. சுமார் 42 சதவீதம்தான் பெற்றார். பதவியிலிருக்கும் அதிபருக்கு எதிராக அத்தனை வாக்கு விழுந்ததே போதுமானதாக இருந்தது. மார்ச் முடிவதற்குள் அதிபர் லிண்டன் ஜான்சன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் தலைவர்கள், எந்தப் பிரைமரியிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கினார்கள். அரங்குக்கு வெளியே தெருவில் போலீஸ் தடியடி. அந்தக் கொந்தளிப்பின் விளைவாக அமைந்ததுதான் மெக்கவர்ன்–ஃப்ரேசர் ஆணையம். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு கட்டமும் முன்கூட்டி அறிவிக்கப்பட்டு, வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று அது விதித்தது. அயோவாவில் வட்டாரக் கூட்டம், கவுண்டி மாநாடு, தொகுதி மாநாடு, மாநில மாநாடு என்று நான்கு கட்டங்கள். புது விதிப்படி கட்டங்களுக்கிடையே இடைவெளி விட வேண்டியிருந்ததால், முதல் கூட்டம் 1972-இல் ஜனவரி 24 அன்றே நடந்தது. அயோவா நாட்டிலேயே முதலாவதானது இப்படித்தான். நான்காண்டு கழித்து, நாடறியாத முன்னாள் ஜார்ஜியா ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் அயோவாவில் வீடு வீடாகப் போனார், ஆதரவாளர்களின் வீடுகளிலேயே தங்கினார். காகஸில் 37 சதவீதம் பேர் யாரையும் ஆதரிக்கவில்லை. கார்ட்டருக்குக் கிடைத்தது 28 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மற்ற வேட்பாளர்களைவிட அது அதிகம் என்பதால் செய்தித்தாள்கள் அவரையே வெற்றியாளர் என்றன. அந்த ஆண்டு நவம்பரில் அவர் அதிபரானார்.

பிரதிநிதிகள் எத்தனை பேர் என்பதைவிட செய்தியும் பணமும்தான் இங்கே வேலை செய்கின்றன. முதல் மாநிலத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தவருக்கு அன்றிரவே தொலைக்காட்சி நேரம் கிடைக்கும், மறுநாள் நன்கொடை வந்து சேரும். எதிர்பார்ப்புக்குக் கீழே போனவருக்குப் பணம் நின்றுபோகும், விலகுவதைத் தவிர வேறு வழி இருக்காது. பின்னால் வாக்களிக்கும் மாநிலத்தின் சீட்டில் அவர் பெயர் அச்சாகியிருக்கலாம். வேட்பாளராக அவர் இருக்க மாட்டார். 2004 போட்டியை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் பிரையன் நைட், நேதன் ஷிஃப் இருவரும், முன்னால் வாக்களித்தவர்களுக்குப் பின்னால் வாக்களித்தவர்களைவிட ஐந்து மடங்குவரை செல்வாக்கு இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.

உண்மையில் வென்றதற்கும் வென்றதாகச் சொல்லப்பட்டதற்கும் உள்ள தூரத்தை 2012 காட்டியது. அயோவா காகஸ் இரவில் மிட் ராம்னி 8 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் சரிபார்த்தபோது ரிக் சாண்டோரமே 34 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். அந்தத் திருத்தம் வந்தபோது நியூ ஹாம்ப்ஷயரிலும் வாக்குப்பதிவு முடிந்து, ராம்னி இரண்டு மாநிலங்களையும் வென்றவராக நாடு முழுவதும் வலம்வந்துகொண்டிருந்தார். சாண்டோரமுக்குச் சேர வேண்டிய அந்த ஓர் இரவின் வெளிச்சத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

இந்தியாவில் வாக்களித்துப் பழகியவருக்கு இந்தக் குறை சட்டென்று கண்ணில் படும். அங்கும் மக்களவைத் தேர்தல் பல கட்டங்களாக நடக்கிறது. ஆனால் எல்லா வாக்குகளும் ஒரே நாளில் எண்ணப்படுகின்றன; கடைசிக் கட்டம் முடியும்வரை வாக்குக் கணிப்பு முடிவுகளை வெளியிடச் சட்டம் தடைசெய்கிறது. முதலில் வாக்களித்தவரின் முடிவு பின்னால் வாக்களிப்பவரைப் பாதிக்கக் கூடாது என்பதே காரணம். 2024-இல் தமிழ்நாடு முதல் கட்டமாக ஏப்ரல் 19 அன்று வாக்களித்துவிட்டு, முடிவுக்காக ஜூன் 4 வரை காத்திருந்தது. அதே ஜூன் 4 அன்றுதான் நியூ ஜெர்சித் தமிழர்கள், ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே முடிவான போட்டிக்கு வாக்களித்தார்கள்.

முதல் மாநிலங்களுக்காகப் பேசுகிறவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 14 லட்சம் பேருக்கு 400 பேர் கொண்ட சட்டமன்றக் கீழவை இருக்கிறது. அரசியல்வாதியை நேரில் நிறுத்திக் கேள்வி கேட்பது அங்கே சாதாரணம். எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குக் கொட்ட முடியாத வேட்பாளர் கால்நடையாக மக்களைச் சந்தித்து மேலே வரச் சிறிய மாநிலம் இடம் தருகிறது. 2008 ஜனவரி 3 அன்று, பத்தில் ஒன்பது பேர் வெள்ளையராக இருந்த அயோவா பராக் ஒபாமாவை முதலிடத்தில் நிறுத்தியது. கறுப்பினத்தவர் ஒருவர் அதிபராக முடியும் என்று தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் பலர் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கலிபோர்னியா முதல் மாநிலமாக இருந்திருந்தால் அந்தப் பயணம் அவ்வளவு எளிதாகத் தொடங்கியிருக்காது.

ஆனால் அந்த வாய்ப்பு ஏன் எப்போதும் அதே ஊர்க்காரர்களுக்கே கிடைக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தகுந்த பதில் இதுவரை வரவில்லை. அயோவா மக்காச்சோளத்திலும் எத்தனாலிலும் நாட்டின் முதல் மாநிலம். அதிபராக விரும்பும் ஒவ்வொருவரும் எத்தனால் பற்றி ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டியிருக்கிறது. எத்தனாலுக்கான அரசு ஆதரவை எதிர்த்த ஜான் மெக்கெய்ன் 2000 தேர்தலில் அயோவாவில் பிரசாரம் செய்யவில்லை. 2016-இல் டெட் குரூஸ் எதிர்த்துப் பேசியும் வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். காகஸோ குளிர்கால இரவில், குறித்த நேரத்தில், நேரில் வந்தாக வேண்டிய கூட்டம். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரும், கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாயும் அதில் கணக்கில் வரவில்லை. 2020-இல் முடிவுகளை அனுப்பும் செயலி பழுதாகி அயோவாவின் கணக்கே குழம்பியபோது, இந்த முறையைத் தாங்கிப் பேசியவர்களும் தளர்ந்தார்கள்.

அதே ஆண்டில்தான் வரிசையின் மறுபக்கமும் தெரிந்தது. பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரான தென் கரோலினாவில், நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு தந்த மூன்றாம் நாள், பைடன் ஏறக்குறைய பாதி வாக்குகளை அள்ளினார். போட்டியாளர் இருவர் உடனே விலகி அவர் பக்கம் வந்தார்கள். அடுத்த செவ்வாயன்று வாக்களித்த 14 மாநிலங்களில் பத்து அவருக்கு.

தமிழ் வேர் கொண்ட இருவர் இந்த வரிசையில் அகப்பட்டவர்கள். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2019 இலையுதிர் காலத்தில் தன் ஆட்களை அயோவாவில் குவித்தும் பணம் போதாமல் டிசம்பர் 3 அன்று விலகினார். அவருடைய கலிபோர்னியா உட்பட எந்த மாநிலமும் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. 2024-இல் பைடன் ஜூலையில் விலகியதும், எந்தப் பிரைமரியிலும் நிற்காமலே பிரதிநிதிகளின் வாக்கால் அவர் வேட்பாளரானார். வீட்டில் தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த விவேக் ராமசாமி அயோவாவின் 99 கவுண்டிகளையும் சுற்றியும் 8 சதவீதத்தை எட்டவில்லை. காகஸ் இரவிலேயே விலகி டிரம்பை ஆதரித்தார். போட்டியிட்டது இரண்டு கட்சிகளில், இரண்டு விதமாக. பிரைமரிப் பயணமோ இருவருக்கும் அயோவாவைத் தாண்டவில்லை.

2023 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு தென் கரோலினாவை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மறுத்தது. வேறெந்த மாநிலத்தின் பிரைமரிக்கும் ஏழு நாளாவது முன்னதாகத் தன் பிரைமரி நடக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் சட்டம். நாள் குறிக்கும் அதிகாரம் மாநிலச் செயலாளர் ஒருவருக்கே. 2024 ஜனவரி 23 அன்று பைடன் பெயர் இல்லாத சீட்டை அச்சிட்டுத் தேர்தலை நடத்தினார்கள். ஆதரவாளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதி வெற்றிபெறச் செய்தார்கள். குடியரசுக் கட்சி பழைய வரிசையை மாற்றவே இல்லை.

நாட்டை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, தேர்தலுக்குத் தேர்தல் முதலிடத்தைச் சுழற்சியில் கொடுக்கலாம் என்ற யோசனையை மாநிலச் செயலாளர்களின் தேசியச் சங்கம் நெடுங்காலமாக முன்வைக்கிறது. அதிலும் அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் சிறிய மாநிலங்களை முதலில் வைத்தால், நேரில் சந்திக்கும் அரசியலும் அழியாது, எவருடைய வாக்கும் நிரந்தரமாகக் கடைசியில் நிற்காது. அதுவே நியாயமான வழி.

பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரி நாளை நிர்ணயிப்பது மாநிலச் சட்டமன்றம். 2008-இல் நியூ ஜெர்சி பிப்ரவரி 5-க்கு முன்னேறியது; பிறகு அதே சட்டமன்றம் ஜூனுக்குத் திரும்பியது. எனவே புதிதாகக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் முதலில் தங்கள் மாநிலத்தின் நாளையும் விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க்கில் கட்சியில் பதியாதவருக்குப் பிரைமரியில் வாக்கே இல்லை. கட்சி மாறுவதற்குப் பிப்ரவரி 14 கடைசி நாள். பதிவுப் படிவத்தில் கட்சிக்கான கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் 2028-க்கு முன் அதைத் திரும்பப் பார்க்கட்டும். நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் தங்கள் வாக்கை ஜூனிலிருந்து முன்னே கொண்டுவரும்படி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதட்டும்.