இரண்டு பேனா

காந்திபுரம் திருவள்ளுவர் பஸ் ஸ்டாண்ட், விடிகாலை ஐந்தேகால். வெளியூர் கூடைப்பந்து அணியை அழைத்துப்போக, ஸ்கோர் டேபிள் அண்ணன் வந்து நிற்கிறார். எழுபது தாண்டிவிட்டது. இறங்கும் பையன்களிடம், "ராத்திரி தூங்குனீங்ளா சாமி? மொதல்ல காப்பி குடிச்சுப் போட்டுப் போலாம், வாங்க."

*

அவர் பையில் ஸ்கோர் ஷீட் கட்டு, ஊக்கு, சிவப்புப் பேனா, நீலப் பேனா. முதல், மூன்றாம் கால் பகுதிக்குச் சிவப்பு. மற்ற இரண்டுக்கு நீலம். கூடை விழுந்தால் எண்ணின் மேல் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்குக் கெட்டிப் புள்ளி. மூன்று புள்ளி என்றால் அடித்தவரின் எண்ணைச் சுற்றி வட்டம். தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதிப் பார்த்திருக்கிறேன். நல்ல கூடை விழுந்தால் கை தட்டத் தோன்றும். தட்டினால் எழுத்து போச்சு.

*

லடாக் ஐஸ் ஹாக்கி பற்றி அவரிடம் சொன்னேன். லடாக் பெண்கள் நிறைந்த இந்தியப் பெண்கள் அணி ஊராரிடம் காசு திரட்டி 2016இல் தைபே போனது. மறு வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று ஜெயித்தது. அப்போது லேயில் உறைந்த கர்சூ குளம்தான் ஆடுகளம். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "ஐஸ் கீறிப் போச்சுன்னா யாருங்க சரி பண்றது?"

ராத்திரி குளிரில் தண்ணீர் ஊற்றி உறையவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். "அப்படித்தானுங்க. நாங்களும் மண் கோர்ட்டுக்கு விடியறதுக்குள்ள தண்ணி தெளிச்சு, சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கறோம்."

*

பெல்ஜியத்து பால் லோயிக் 1922 முதல் 1947 வரை சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பின் தலைவர். அந்த ஆட்டத்துக்காக உழைத்தவர்களுக்கு அவர் பெயரில் 1998 முதல் ஒரு விருது. முதலில் பெற்றவர் ஒரு ஜெர்மன் மருத்துவர். நம் மாவட்டப் போட்டிகளிலும் ஸ்கோர் டேபிள்காரருக்கு ஒரு விருது வேண்டும். அவர் இருக்கும்போதே, ஆடிய பையன்கள் கையால்.

*

இறுதிப் போட்டி முடிந்தது. கூட்டமெல்லாம் கோப்பைப் பக்கம். அண்ணன் கடைசிப் புள்ளியைச் சுற்றித் தடித்த வட்டம் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்தார். தோற்ற அணிக்கான பிரதியைக் கிழித்து நாலாக மடித்துக்கொண்டு அந்தப் பையன்களைத் தேடிப் போனார். அவர்களுக்குப் பத்தரை மணிக்கு பஸ்.